நீ ஏறாமல் விட்ட வண்டி

சனிக்கிழமை பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் பகுதியில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அந்த நீச்சல் குளம். கதவைத் தள்ளியதும் குளோரின் மணம் முகத்தில் அடித்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். மலாவியில், உன் மருத்துவ நிலையத்தின் வாசலில், கை கழுவக் குளோரின் தண்ணீர் விட்டு, குழாய் பூட்டிய அந்த மஞ்சள் வாளிக்கு முன்னால் நிற்பதுபோல இருந்தது. "கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வா" என்று நீ எங்கேயோ இருந்து கத்துகிறாய்.

"அம்மப்பா, கம் ஒன்!" என்று பேத்தி கையை இழுத்தாள். போனேன். அவள் தண்ணீரில் குதிப்பதையும் பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மணம் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுதி என்ன பயன் என்று தெரியவில்லை. வேறு யாருக்கு எழுதுவது என்றும் தெரியவில்லை.

நீ போனபிறகு எல்லோரிடமும் உன்னைப் பற்றி ஒரு விளக்கம் இருக்கிறது. கடையில் கண்டால் ஒருவர் சொல்லுவார், நீ மனைவி பிரிந்த கவலையில் மலாவிக்கு ஓடிப்போனாய் என்று. கோயிலில் இன்னொருவர் சொல்லுவார், நீ தெய்வப் பிறவி என்று. நான் உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவன். கடைசியாக உன் பக்கத்தில் இருந்தவனும் நான்தான். என்னிடம் ஒரு விளக்கமும் இல்லை.

நீ போகப் போவதாகச் சொன்னது ஈஸ்ட் ஹாமில், நாங்கள் வழக்கமாகக் கொத்து ரொட்டி சாப்பிடுகிற கடையில். நான் சுவிஸை விட்டு லண்டனுக்கு வந்த நாளிலிருந்து, மாதத்தில் ஒரு தடவையாவது அந்தக் கடையில் சந்திப்போம். எனக்கு வயரிங் வேலை, உனக்கு ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு. உன் ஷிப்டுக்கு ஏற்றபடி நான் என் வேலையை மாற்றிக்கொள்ளுவேன். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. ரொட்டிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாய்.

"மச்சான், நான் மலாவிக்குப் போறன். ஒரு சின்னக் கிளினிக். அங்க பின்னேரத்தோட கதவைப் பூட்டிப்போட்டுப் போயிடுறாங்கள். பூட்டாமல் வைச்சிருக்க ஒரு டொக்டர் வேணுமாம்."

"இஞ்ச உன்ர வேலையை ஆர் பாக்கிறது?"

"இஞ்ச நான் இல்லாட்டி இன்னொருத்தன் வருவான்."

"உனக்கு என்ன, விசரே?"

நீ யோசித்தாய். உண்மையாகவே யோசித்தாய். "தெரியேல்லை மச்சான்" என்றாய். அதற்குப் பிறகுதான் கொத்து ரொட்டியை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினாய்.

லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் உன் மகள் ஆரணியிடம் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்போது முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். நீ போன பிறகு என்னோடும் சில காலம் கதைக்கவில்லை. நான் உன்னைத் தடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள் போலும்.

பிறகு நீ என்னைக் கூப்பிட்டாய். சோலார் பட்டரிகள் பழுதாகிவிட்டன, இரவில் வெளிச்சம் இல்லை, மருந்துக் குளிர்ப்பெட்டி நின்றுவிடுகிறது என்றாய். "நீ வந்து ஒருக்காப் பாத்துத் தா" என்று கேட்டாய். வந்தேன். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன், பட்டரி ஒரு சாட்டு.

லண்டனில் நான் பார்த்த நீ வேறு ஆள். ஷிப்ட் முடிந்து வந்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் பேசாமல் இருப்பாய். அங்கே நீ உரத்துச் சிரித்தாய். ஓட்டை விழுந்த செருப்போடு முற்றத்தில் நடந்து, வருகிற போகிற கிழவிகளோடு அவர்களுடைய மொழியில் பகிடி விட்டாய். அவர்கள் உன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். தகரக் கூரை, நான்கு அறை, முற்றத்தில் ஒரு மாமரம், அதன் கீழே நோயாளிகள் இருக்க ஒரு நீண்ட வாங்கு. வண்டி என்று இருந்தது பின்னுக்கு மெத்தை போட்ட ஒரு பழைய பிக்கப், அதை ஓட்ட ஒரு சாரதி. வாசல் கதவுக்குப் பூட்டே இல்லை. நீயே பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டதாக மெர்சி சொன்னாள். அவள்தான் அங்கே தலைமை நேர்ஸ். பிரசவமும் பார்ப்பாள். உன்னை அதட்டக்கூடிய ஒரே ஆளும் அவள்தான். எந்த நேரம் யார் வந்து தட்டினாலும் நீயோ அவளோ எழும்பிப் போவீர்கள். உன்னுடைய கட்டில் வாசலுக்குப் பக்கத்து அறையில்.

நீ மெலிந்திருந்தாய். படியேறும்போது நின்று மூச்சு வாங்கினாய். "வெயில்" என்றாய். நம்பினேன்.

அந்த நாள் மழை விட்டு வெளித்த ஒரு காலை. நான் கூரையில் நின்று புது வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு மாட்டு வண்டி வருவது தெரிந்தது. அதில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவளுடைய தாய் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்துவந்தாள். முதல் பிரசவம். முந்தின நாளிலிருந்து வலி. மெர்சி வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு உன்னைப் பார்த்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டு போகிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதற்குப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே போன் அடித்தீர்கள். அவர்களுடைய அம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருந்தது. உங்களுடைய பிக்கப்பில்தான் கொண்டுபோக வேண்டும், மெர்சியும் கூடப் போக வேண்டும். மற்ற நேர்ஸ் லீவில் நின்றாள்.

நான் கூரையிலிருந்து இறங்கி வந்தபோது நீ மருந்து அறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் நெற்றி முழுக்க வியர்வை. என்னைக் கண்டதும் தமிழில் சொன்னாய்.

"மச்சான், எனக்கு நெஞ்சுக்குள்ள சரியில்லை. இடது கையும் இழுக்குது. இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லாத."

ஒருமுறை மிச்சத்தில் என் வீட்டில், சாப்பிட்டுவிட்டு எனக்கு நெஞ்சு எரிந்தபோது நீ என்ன செய்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நெஞ்சு நோ எண்டால் யோசிக்கிறது உன்ர வேலையில்லை, ஏறு காரில" என்று சட்டைக் கொலரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். கடைசியில் அது வாய்வு. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்தோம். அப்படிப்பட்ட நீதான் சொல்லாதே என்று கேட்டாய்.

நான் கேட்கவில்லை. நேரே மெர்சியிடம் போய் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவள் ஓடிவந்து உன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டொக்டர், முன் சீற்றில் ஏறுங்கள்."

"முன் சீற் அந்தப் பெண்ணின் தாய்க்கு."

"தாய் பின்னால் வருவாள். ஏறுங்கள்."

"நானும் போனால் இங்கே யார் இருக்கிறது?"

"ஒரு நாள் யாரும் இல்லாமல் இருக்கட்டும்!" மெர்சி கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். முற்றத்தில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

நீ குரலை உயர்த்தவில்லை. "நாங்கள் கதைக்கக் கதைக்க அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது, மெர்சி. போ" என்றாய். பிறகு ஒரு அஸ்பிரினை வாயில் போட்டுச் சப்பினாய். நான் உன் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தேன். நீ என்னைவிட மெலிந்தவன், ஆனால் அசையவில்லை. மெர்சி என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் முனகலைக் கேட்டாள். ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். வண்டி சேற்றை எறிந்துகொண்டு போனது.

நான் உன்னோடு சண்டை போட்டேன். கெட்ட வார்த்தையும் சொன்னேன். நீ மாமரத்துக்குக் கீழே வாங்கில் சாய்ந்துகொண்டு, "நோ குறையுது மச்சான், கத்தாத" என்றாய். குறைந்ததா, எனக்காகச் சொன்னாயா? இன்றைக்கும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் ஒருவன் தன் சின்ன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். காய்ச்சலில் அந்தப் பிள்ளைக்கு வலிப்பு. கண் மேலே சொருகிக் கிடந்தது. நீ எழும்பினாய். எப்படி எழும்பினாயோ தெரியாது. "காலைப் பிடி, இறுக்காத, சும்மா பிடி" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஊசி போட்டாய். அவள் உடம்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிறகு சேலைன் ஏற்றினாய். தகப்பன் நிலத்தில் குந்தியிருந்து அழுதான். நீ அவன் தலையைத் தடவிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்து மறுபடியும் வாங்கில் இருந்தாய்.

அப்போதுதான் போன் வந்தது. மெர்சி. அரைவாசித் தூரம்கூடப் போகவில்லையாம். பள்ளத்தில் விழுந்து எழும்பின ஆட்டத்தில் அந்தப் பெண் வண்டியிலேயே பெற்றுவிட்டாள். ஆண் குழந்தை. முதலில் அழவில்லை, பிறகு அழுதானாம். இரண்டு பேருக்கும் ஆபத்தில்லை. "நாங்கள் திரும்பி வருகிறோம், உங்களை ஏற்றிக்கொண்டு போக" என்றாள்.

நீ சிரித்தாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பாத்தியே, றோட்டுப் பாத்த பிரசவம்!"

நீ மறுப்பாய், இனி எதற்கு என்பாய் என்று நினைத்து நான் அடுத்த சண்டைக்குத் தயாராக இருந்தேன். நீ போனில் ஒரே வார்த்தையில், "சரி, வாங்கள்" என்றாய். என்னிடம் திரும்பி, "உள்ளுக்கு ஒரு நல்ல சேட் கிடக்கும், எடுத்துத் தா. பட்டணத்துக்கெல்லோ போறம். இதோட போனால் நோயாளி எண்டு நினைப்பாங்கள்" என்றாய்.

சட்டையை எடுத்து வந்தேன். போட்டுவிட்டுப் பொத்தான்களையும் நானே பூட்டினேன். "மேல் பொத்தானை விடு, மூச்சு முட்டுது" என்றாய். விட்டேன். நீ தலையை என் தோளில் வைத்தாய். களைப்பு என்று நினைத்தேன். பிறகு உன் பாரம் முழுக்க என் மேல் வந்தது.

நிலத்தில் கிடத்தி நெஞ்சை அழுத்தினேன். லண்டனில் கோயில் மண்டபத்தில் எங்களுக்கெல்லாம் நீ பழக்கிய அதே மாதிரி, கையை நீட்டி, முழங்கையை மடக்காமல் அழுத்தினேன். சேலைன் ஏறிய பிள்ளையின் தகப்பன் ஓடிவந்து உன் தலையைப் பிடித்துக்கொண்டான். பிக்கப் வந்து நின்ற சத்தம் கேட்டும் நான் நிறுத்தவில்லை. மெர்சி குனிந்து உன் கண்ணைப் பார்த்தாள். அவளும் என்னோடு மாறி மாறி அழுத்தினாள். கடைசியில் என் கைகளைப் பிடித்து எடுத்துவிட்டாள். பிக்கப்பின் பின் மெத்தையில் அந்தக் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. யாரும் அதைத் தூக்கப் போகவில்லை. தாயும் பாட்டியும் உன்னைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் இதைத் தலைக்குள் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். நீ ஏறியிருந்தால்? அந்தப் பெண் எப்படியும் வழியில் பெற்றிருப்பாள். நீ முன் சீற்றில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் வலிப்பு வந்த பிள்ளைக்கு ஊசி போட ஆள் இருந்திருக்காது. சரி, அதற்காகத்தான் நின்றாய் என்று மனதைத் தேற்றப் பார்த்தால், நீ வண்டியை அனுப்பும்போது அந்தப் பிள்ளை வரவே இல்லையே. வராத பிள்ளைக்காகவா நின்றாய்? இங்கே ஒரு இதய டொக்டரிடம் கேட்டேன். "நேரத்தோடு போயிருந்தாலும் அங்கே என்ன வசதி இருந்தது என்று தெரியாமல் சொல்ல முடியாது" என்றார். தப்பியிருப்பாய் என்றோ, தப்பியிருக்க மாட்டாய் என்றோ அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

லண்டனில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மண்டபம் நிறைந்த சனம். மேடையில் ஒருவர் உன்னைத் தியாகி என்றார். உயிரைத் தெரிந்தே கொடுத்தவர் என்றார். ஆரணி எழும்பி வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். கார் நிறுத்துமிடத்தில் கோட் இல்லாமல் குளிரில் நின்றாள்.

"மாமா, டெல் மீ. அப்பா அந்தக் காரில ஏறியிருக்கலாமா?"

"ஓம் பிள்ளை. இடம் இருந்தது."

"அப்ப ஏன் ஏறேல்லை?"

"தெரியாது பிள்ளை. நான் பிடிச்சு இழுத்தனான். வரேல்லை."

அவள் முகம் இறுகியது. நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் தானாகச் சொன்னது: "ரெண்டாந்தரம் வண்டி வருது எண்டு சொல்ல, ஓம் எண்டவர். சேட் மாத்தினவர். பயணம் போக வெளிக்கிட்டு இருந்தவர்."

"வெளிக்கிட்டு இருந்தவரா?" அவள் அந்தத் தமிழ்ச் சொல்லை மெல்ல மெல்லச் சொன்னாள். "சோ, ஹி வோன்ரட் டு லிவ்?"

"ஓம்."

அவள் அழுதாள். ஆனால் அது மண்டபத்துக்குள் அழுத அழுகை இல்லை. என் மேல் சாய்ந்துகொண்டு, "அப்பா வோன்ரட் டு லிவ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா வாழ விரும்பினார் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள். தன் மகனுக்கும் அதைத்தான் சொல்லி வளர்க்கப் போகிறாளாம்.

எனக்கோ அதுதான் எல்லாவற்றையும் குழப்புகிறது. வாழ விரும்பிய நீ ஏன் முதல் வண்டியை விட்டாய்? எத்தனையோ பேருடைய நெஞ்சு வலியைப் பார்த்த டொக்டர் நீ, உன் நெஞ்சிடம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று தப்பாகக் கணித்தாயா? அல்லது கணக்கே பார்க்கவில்லையா? உன்னைத் தியாகி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. விசரன் என்று சொன்னாலும் கோபம் வருகிறது. இரண்டையும் மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்லுவேன், ஏனென்றால் அதை நான் என் கையால் தொட்டேன். நீ சாவதற்காக அந்த வாங்கில் இருக்கவில்லை. நல்ல சேட் போட்டுக்கொண்டு, ஒரு பயணம் போகிற ஆளைப்போல, றோட்டைப் பார்த்தபடி இருந்தாய்.