மிதித்ததும் வராத வண்டி

அண்ணே,

இன்று காலை லிந்துலை தாண்டி ஏறும் அந்த வளைவு முடக்கில் எனக்கு முன்னால் போன பழைய பஸ் நின்றுவிட்டது. ஏற்றத்தில் நின்ற பஸ் மறுபடி புறப்படுவதற்குள் கிளட்ச் தீய்ந்துபோய், அந்த வாடை கண்ணாடியை ஏற்றிய பிறகும் காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு பாடம் எடுத்து முடித்த பிறகும் என் சேலையில் அது இருந்தது. நீ வண்டி ஓட்டிய கடைசிக் காலத்தில் உன் சட்டையிலும் இதே வாடைதான். அண்ணி எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கும்மினாலும் போகாது.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? இதுவரை ஒன்றுகூட எழுதியதில்லை. நீ இருந்திருந்தால் "டீச்சரம்மா லெட்டரெல்லாம் போடுறாங்கடா" என்று ஹட்டன் கார் ஸ்டாண்டில் எல்லா டிரைவர்மாருக்கும் படித்துக் காட்டியிருப்பாய். பாவி.

உன் பழைய காரை நினைத்துப் பார்க்கிறேன். தொண்ணூறுகளில் ஸ்டாண்டில் அதைவிடக் கிழடு வேறொன்று இல்லை. இடது கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தாய். மழை வந்தால் முதலில் என் மடியில்தான் பெய்யும். ஆனால் காலை வைத்தால் கேட்கும். மிதியிலிருந்து எஞ்சின் வரைக்கும் ஒரு கம்பி. நீ மிதித்தால் கம்பி இழுபடும், வண்டி பாயும், அவ்வளவுதான் கதை. அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு நியமனம் கிடைத்ததும் தினமும் காலையில் அதில்தான் கொண்டுபோய் விட்டாய். வழியெல்லாம் பாட்டு. அதுவும் ஒரே பாட்டு. நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

உனக்கு ஸ்டாண்டில் "ஆஸ்பத்திரி வண்டி" என்று பெயர். தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்காவது பிள்ளை வலி எடுத்தால் உன்னைத்தான் தேடி வருவார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, பிள்ளை ஆணா பெண்ணா என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவாய். உனக்குக் குழந்தை இல்லை என்று ஊரில் பேசினவர்களுக்கு நீ சொன்ன பதில் எனக்குத் தெரியும். "எனக்கா இல்ல? இந்த ரோட்டுல ஓடுறது பாதி நான் ஏத்திட்டு வந்ததுங்க."

இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்த வெள்ளைக் கார் வந்தது. மாலை போட்டு, நான்கு டயரிலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, நீ புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தாய். கதவு தானாக மூடிக்கொண்டது, கயிறு இல்லை. கொட்டகலை ஏற்றத்தில் முன்னால் போன லொறியை முந்தலாம் என்று கியரை இறக்கி மிதித்தாய். ஒன்றும் நடக்கவில்லை. நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்த பிறகு, முதுகில் யாரோ உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது.

"என்னாண்ணே இது?"

"நான் மிதிச்சா இது கங்காணிகிட்ட சொல்லுது. கங்காணி கண்டாக்கையாகிட்ட கேக்குறாரு. அவரு தொரைகிட்ட கேக்குறாரு. தொர சரின்னு சொன்னதும் எஞ்சினுக்கு ஆள் அனுப்புறாங்க."

தோட்டத்தில் ஒரு நாள் லீவு கேட்டால் நடக்கிற அதே கதை. வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு பார்த்தால் நீ சொன்னது ஏறக்குறைய உண்மை. புதுக் கார்களில் கம்பி கிடையாதாம். மிதி ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுமாம், அது யோசித்துப் பார்த்து எஞ்சினைத் திறக்குமாம். யோசிக்கிற அந்த நேரத்தில் ஏற்றத்தில் நிற்கிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இதைச் செய்தவன் ஒரு நாளாவது மலைநாட்டு ரோட்டில் வண்டி ஓட்டியிருப்பானா?

கராஜ் கராஜாக அலைந்தோம். ஹட்டனில் ஏர் பில்டரை மாற்றினார்கள். நுவரெலியாவில் காற்று போகிற வழியைக் கழற்றித் துடைத்தார்கள். கண்டியில் ஒரு மெக்கானிக் பாஸ் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சொருகி, நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "மேக்க எஹெம தமய்" என்று சிங்களத்தில் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். இது இப்படித்தான். பழுதென்று ஒன்று இருந்தால் பழுது பார்க்கலாம். பழுதே இல்லை என்று சொன்ன பிறகு நாம் என்ன செய்வது?

நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மிதித்து வைப்பது. அதில்தான் அந்தத் தீய்ந்த வாடை வந்தது. அந்த இடைவெளியில் பின்னால் இருக்கிறவர்கள் பயப்படாமல் இருக்க "வருது, வருது" என்று சொல்லத் தொடங்கினாய். கொதிக்காத பானைக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி. வண்டியும் வந்துவிடும்.

கொஞ்ச காலத்தில் அது இன்னும் மோசமாகியது. ஒரு நாள் மத்தியானம் டிக்கோயாவுக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப்போனபோது ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் உருண்டு, சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வழியாக வந்த வேனில் அவளை ஏற்றி அனுப்பினாய். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அவளுடைய அம்மா வேனில் ஏறும்போது, "அந்த வண்டிய நம்ப ஏலாதுப்பா" என்றாள். அந்தச் சொல் உனக்கு முன்னால் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு லயத்து ஆட்கள் வேறு வண்டி பிடித்தார்கள். நீ பாடுவதை நிறுத்தினாய். அந்தப் பாட்டை நான் வெறுத்தவள்தான். ஆனாலும் பாடேன் என்று ஒரு நாள் கேட்டேன். "வண்டி ஒழுங்காகட்டும்" என்றாய்.

பிறகு அப்பா வேலை செய்த தோட்டத்துக்குப் போனோம். தேயிலை பாக்டரிக்குக் காவல் தெய்வம் ரோதமுனி. எந்திரம் நின்றால் முதலில் அவருக்குச் சேவல், அதன் பிறகுதான் எஞ்சினியர் என்று வளர்ந்தவர்கள் நாம். பாக்டரிக்குப் பின்னால் முனியின் கல்லுக்கு முன்னே காரை நிறுத்தினாய். அண்ணி சூடம் கொளுத்தினாள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சேவலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். "முனியப்பா, மிதிச்ச ஒடனே கெளம்பணும், வேற ஒண்ணும் வேணாம்" என்று நீ கும்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாரம் வண்டி நன்றாக ஓடியது. நன்றாக ஓடியது என்று மூன்று பேரும் நம்பினோம்.

அதன் பிறகு வந்த அந்தக் காலை. தூறல். இதே முடக்கு. கொழுந்துச் சாக்கோடு பெண்கள் ரோட்டைக் கடந்தார்கள், நீ நிறுத்தினாய். அவர்கள் போய்விட்டார்கள். வண்டி எழும்பவில்லை. "வருது, வருது" என்றாய். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. என் குடை சரிந்து உன் பக்கம் விழுந்திருந்தது. எடுக்கக் குனிந்தேன். உன் கால் தெரிந்தது.

அது பிரேக்கிலேயே இருந்தது. செருப்புக்குள் விரல்கள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, காலு பிரேக்குல இருக்கு."

"மிதிச்சிட்டேன்டி."

"மிதிக்கலண்ணே."

"மிதிச்சிட்டேன்னு சொல்றேன்ல. இதுதான் தூங்குது."

ஹேண்ட் பிரேக்கை நான் இழுத்தேன். நீ குனிந்து பார்த்தாய். அடுத்த வீட்டுக்காரன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவன் பார்ப்பதுபோல உன் காலைப் பார்த்தாய். வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் இறங்கிப்போய் மழையில் நின்று அவனைக் கண்டபடி திட்டினேன். அவன் என்ன செய்தான், பாவம்.

வண்டி மந்தம்தான். அதில் பொய்யில்லை. அந்த மந்தத்துக்குள் உன் கால் ஒளிந்துகொண்டது. நாம் எஞ்சினைத் துடைத்தோம், முனிக்குச் சேவல் கொடுத்தோம். உன் காலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. உனக்கே தோன்றவில்லை.

டிக்கோயாவிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் உன் முழங்காலில் தட்டினார், நடக்கச் சொன்னார், ஊசியால் குத்திப் பார்த்தார். நரம்பு நோய் என்றார். மாத்திரை தரலாம், நிறுத்த முடியாது என்றார். உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போய்க் கேட்டேன்.

"முன்னமே கொண்டு வந்திருந்தா, டாக்டர்?"

"அப்போதும் இதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் ஆறுதல் அடைவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது திட்டுவது ஒன்றுதான். யார் மேலும் குற்றம் இல்லை என்றால் யாரைத் திட்டுவேன்?

காரை விற்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். "அவரு ஒக்காந்த சீட்டு. இருக்கட்டும்" என்று அண்ணி மறுத்துவிட்டாள். நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தேன். உன்னைக் கிளினிக்குக்கு முதல்முதலாகக் கொண்டுபோன நாள் நினைவிருக்கிறதா? ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. அந்த வெறுமையில் ஹேண்ட் பிரேக்கை எட்டிப் பிடித்தேன். இடது பக்கச் சீட்டிலிருந்து, ரோட்டைப் பார்த்தபடியே, நீ சொன்னாய். "வருது, வருது." வந்தது. வாசலில் இறங்கியதும் "கிளட்ச தீய்க்காத டீச்சரம்மா, அதுக்கு நான் ஒருத்தன் போதும்" என்று சிரித்தாய்.

பிறகு கால் போயிற்று. கை போயிற்று. அண்ணி எண்ணெய் தடவி உருவிவிடும்போது, "கொஞ்சம் மடக்குங்க பாப்போம்" என்பாள். நீ போர்வைக்குள் எதையோ தள்ளுவதுபோல முகத்தை இறுக்கிக்கொண்டு, "வருது… வருது…" என்பாய். அவளுக்காகத்தான் சொன்னாய், தெரியும். நாங்கள் இரண்டு பேரும் உன் காலையே பார்த்துக்கொண்டு நிற்போம். கடைசியில் அந்தச் சொல்லே தாமதமாக வந்தது. உதடு அசையும், நாங்கள் காத்திருப்போம், பிறகு பாதிச் சொல் வரும். ஒரு நாள் உதடு அசைந்தது. காத்திருந்தோம். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தும் காத்திருந்தோம்.

இன்று காலை பஸ் ஒரு வழியாக நகர்ந்தது. நான் மிதித்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் ஒவ்வொரு நாளும் நான் பக்கத்துச் சீட்டைப் பார்க்கிறேன், இன்றும் பார்த்தேன். பிள்ளைகளின் திருத்தாத கொப்பிக் கட்டுதான் இருந்தது. "வருது, வருது" என்று சத்தமாகவே சொன்னேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வண்டி வந்துவிட்டது, அண்ணே. வண்டி ஒவ்வொரு தடவையும் வந்துவிடுகிறது.