பெயின்ட் கொட்டகைப் பழம்

செவ்வாய்க்கிழமை, இரவு

நெடியடிக்கும் பெயின்டை விட்டுத் தண்ணீரில் கரைக்கும் பெயின்டையே வாங்கலாம் என்று கம்பெனியில் முட்டி மோதியது பர்சேஸில் இருக்கும் நான்தான். அப்போது யாரும் கூட நிற்கவில்லை. இன்று அந்தப் பெயின்ட் அடிக்கிறோம் என்பதற்காகவே எங்கள் சாமான்களுக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்துவிட்டது. முதலாளி என் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

பெயின்ட் அடிப்பவர்கள் மட்டும் தொடவில்லை. சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்காரவும் இல்லை. கை கழுவும் இடத்தில் பெயின்டர் காதர் பாயிடம் கேட்டேன்.

"நெடிக்குத்தான் தினம் ரெண்டு பூவன்பழம் குடுத்தாங்க மேடம். இப்பதான் நெடி இல்லையே, பழம் எதுக்குன்னு போன வாரத்தோட நிறுத்திட்டாங்க. தலைவலி போயிருச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா வீட்டுக்குப் போனா பேத்தி என் பையைத்தான் பாக்குது."

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

காட்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு சீப்பு பூவன் வாங்கினேன். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதற்கடுத்த நாள்? முதலாளியிடம் பழத்துக்காகப் போய் நின்றால் சிரிப்பார். இருந்தாலும் கேட்க வேண்டும்.

சீப்பு இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது. இந்த வீட்டில் என் பையைப் பார்க்க யாரும் இல்லை.