குட்டி ரயிலின் அளவுக்கம்பி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

பூங்காவில் நான் ஓட்டும் குட்டி ரயிலில் நாலடிக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளை ஏற்றக்கூடாது. நேற்று ஒரு சிறுமியின் உச்சந்தலை, வாசலில் நாலடி உயரத்தில் குறுக்கே வைத்திருக்கும் அளவுக்கம்பியில் இடித்தது. "முட்டிய மடக்கிக்கிறேன் அங்கிள், ஏத்திக்கோங்க" என்று கெஞ்சினாள். சிரித்துப் பேசித்தான் திருப்பி அனுப்பினேன்.

உங்கள் இருவரையும் இந்த நாட்டுக்கு அழைத்துவரும் விசா மூன்றாம் முறையும் தள்ளிப்போய்விட்டது. இனி அடுத்த வருட விடுமுறைதான். இந்த ரயிலில் ஏற்றுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தபோது பாப்பா என் முட்டி உயரம்.

அவளைச் செருப்பில்லாமல் நிறுத்தி, தலையைப் படிய வாரி, உயரத்தை ஒரு நூலில் அளந்து அந்த நூலை அனுப்பு. விசில் ஊதிவிட்டார்கள், ரயிலை எடுக்க வேண்டும்.

நூல் நாலடியைத் தாண்டினால் அவளிடம் சொல்லாதே. எனக்கும் சொல்லாதே. மிச்சத்தை நறுக்கிவிட்டு அனுப்பு.