தவசிமுத்து கையில் கொடுத்தனுப்பிய லேப்டாப்

காசிமேடு
12.10.2008

அன்புள்ள மகன் விமலுக்கு,

நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நர்மதா குடும்பமும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தத் தீவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். போனில் பேசினால் பாதி கேட்கிறது, மீதி காற்றில் போகிறது, அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் சொல்ல வேண்டியதை எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நம் தெருமுனை தவசிமுத்து படகு கட்டும் வேலைக்காக வியாழக்கிழமை கப்பலில் போர்ட் பிளேர் வருகிறான், உன் லேப்டாப்பும் இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வருகின்றன. துணி மூட்டைக்குள் திணிக்காதே, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படு என்று நான்கு தடவை சொல்லிவிட்டேன், இது இன்னா மாமா கொயந்தையா, தூளி கட்டித் தூக்கினு போக என்று சிரிக்கிறான். அவனுக்கென்ன, சிரிப்பான்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டில் நடந்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ போனில், கம்பெனி வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்திருக்கிறார்கள், இங்கேயே இருந்துவிடப் போகிறேன், பகலில் படகிலும் லாரியிலும் சைட்டுக்கு சைட் தூக்கிக்கொண்டு போய் டிராயிங் பார்க்கவும் வேண்டும், சாயந்திரம் ரூமில் கேம் ஆடவும் வேண்டும், இரண்டுக்கும் தோதாக ஒரு லேப்டாப் பார்த்து அனுப்பு, பொழுது சாஞ்சா செவுத்தப் பாத்துகினு குந்திகினு கீறேன் நைனா என்று சொன்னாய் இல்லையா, அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. ஆட்டம் ஆடுற பொட்டிய நீயே வாங்கிக் குடுத்துட்டா அவன் இன்னாத்துக்குய்யா வூட்டுக்கு வரப்போறான், செவுத்தப் பாத்துகினே இருந்தான்னா ஒரு நாளு பேஜாராயி கப்பல் ஏறிடுவான் என்று என்னோடு ஒரே சண்டை. எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான், வெளியே சொல்லவில்லை. நீ வந்து போய் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. நர்மதாவின் பெண் அம்முவுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும், உனக்காக இரண்டு தடவை நாள் குறித்துத் தள்ளிப்போட்டாயிற்று. கொயந்தைக்கு மாமன் கீறானா இல்லியா என்று சம்பந்தியம்மா கேட்கிறார், ஜாடையாகக்கூட இல்லை, நேராகவே. நர்மதா சமையலறைக்குள் போய்விடுகிறாள். என்ன செய்வது, கேட்டுக்கொண்டு வருகிறோம்.

போன சனிக்கிழமை பஸ் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனேன், முட்டிவலியோடு அந்தக் கூட்டத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் தமீம் என்பவருடைய கடையில் உட்கார்ந்தேன். நல்ல மனுஷன், ஆனால் அவர் சொன்ன ராம், கிராபிக்ஸ் கார்டு எதுவும் எனக்குத் தலையில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்த வழியில்தான் பார்த்தேன். நம் பக்கத்தில் பழைய என்ஜின் வாங்கும்போது விற்கிறவன் பேச்சையா கேட்கிறோம், லாஞ்சுப் படகைக் கரையோடு கயிறு போட்டுக் கட்டி, கியரில் தள்ளி, முழு வேகத்தில் ஒரு மணி நேரம் இழுக்க விட்டுப் பிறகு கை வைத்துச் சூடு பார்க்கிறோம். அதையே இங்கேயும் செய்தேன். சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, இருப்பதிலேயே பெரிய கேமைப் போடுங்கள், ஒரு மணி நேரம் ஓடட்டும் என்றேன். பெரியவரே நீங்க லேப்டாப் வாங்க வந்தீங்களா லாஞ்ச் வாங்க வந்தீங்களா என்று கேட்டார் தமீம், இருந்தாலும் போட்டார்.

முதலில் காட்டியது நோட்டுப் புத்தகம் மாதிரி லேசு, இரண்டு விரலில் தூக்கிவிடலாம், ஆனால் கேம் போட்டதும் அதில் வருகிற கார் ஓடவே இல்லை, கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு படமாக நின்று நின்று வந்தது. அடுத்தது பெரிய பெட்டி, கேம் என்னவோ பறந்தது, அடியில் கை வைத்தேன், தோசை ஊற்றலாம். ஐம்பது நிமிஷத்தில் சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அந்தச் சார்ஜரே ஒரு செங்கல் கனம். மூன்றாவது நடுவாந்திரம், கேமும் தடங்கல் இல்லாமல் ஓடியது, சூடும் கை தாங்குகிற அளவு, வெறும் டிராயிங் மட்டும் பார்த்தால் மூன்று மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்றார். கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து என்ன தெரியும், நீ படகு ஏறி இறங்குகிறவன், அதனால் உன் பழைய காலேஜ் பையில் அதையும் சார்ஜரையும் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கடைப் படிக்கட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். நான் பையோடு ஓடிவிடுவேனோ என்று பயந்து தமீம் ஒரு ஆளைப் பின்னாலேயே அனுப்பினார், என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு ஓட்டம் ஒன்றுதான் குறை. மூன்றாவது தடவையும் தோள் இழுக்கவில்லை, இதுதான் என் பிள்ளைக்கு என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா தொடவே இல்லை, மறுநாள் பார்த்தால் அதே பையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைச் சொருகி வைத்திருக்கிறாள். உப்பு பட்டால் இரும்பே போய்விடும், இது என்ன ஆகும் என்று எடுத்து வேறு பையில் போட்டேன், கருவாட்டை எடுத்ததற்கும் என்மேல்தான் கோபம். நீயும் கடலோரத்தில் அதைத் திறந்து போட்டு வைக்காதே, வேலை முடிந்ததும் ஈரமில்லாத துணியில் சுற்றி வை, மெத்தைமேல் வைத்து ஆடாதே, அடியில் காற்று போக வேண்டும். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, ஆடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, நீ தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதை நினைத்தால் எனக்கும் சோறு இறங்குவதில்லை, அதனால்தான் அம்மா பேச்சையும் மீறி வாங்கினேன்.

இன்னொன்று இருக்கிறது, அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்த நடுவாந்திரத்தில் தமீம் இரண்டு கம்பெனி காட்டினார், இரண்டும் ஒரே வேகம், ஒரே எடை. ஒன்று கெட்டால் போர்ட் பிளேரிலேயே பார்ப்பார்களாம். மற்றதை ஒரு வருஷத்துக்கு இந்தக் கடையில்தான் பார்ப்பார்களாம், பில்லில் பெயர் உள்ளவரே நேரில் கொண்டுவர வேண்டுமாம். தீவுல கீற புள்ளைக்கு அந்த மொதலாவதுதான் கரெக்ட்டு, கண்ண மூடிகினு எட்த்துகினு போங்க என்றார். நான் இரண்டாவதைக் கட்டச் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன். பில்லையும் உன் பெயரில் போடச் சொன்னேன். நீ என்னைத் திட்டினாலும் சரி. முப்பத்தொரு வருஷம் என்ஜின் பார்த்தவன் நான், எவனுடைய என்ஜினும் நின்றுபோகக் கூடாது என்று மட்டும்தான் கும்பிட்டிருக்கிறேன். இது கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள மனசு வரவில்லை விமல், கெட்டுப்போகக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை.

நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், அதை மட்டும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். பில் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருக்கிறது, தொலைத்துவிடாதே.

உன் நைனா,
எத்திராஜ்