பட்டியலில் உன் பெயர்

அன்பு மகள் ஐசுலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி எர்கினும் அவன் மனைவியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே பிராகில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி உடுத்தி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் பேசுவது என்ன, இங்கே பனி எவ்வளவு, அங்கே மழை எவ்வளவு, அதற்கு மேல் நானும் கேட்பதில்லை நீயும் சொல்வதில்லை. சிலவற்றைப் போனில் சொல்லவும் கூடாது, அது உனக்கே தெரியும். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மகள் புதன்கிழமை அந்தப் பக்கம் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அம்மா ஒரு பை நிறைய உப்புத் தயிர் உருண்டை வைத்திருக்கிறாள். குதிரை இறைச்சியும் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எர்கினின் மனைவிக்கு இது ஏழாவது மாதம், ஆப்பிளைத் தவிர எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளிக்கிறாள். என் முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை, நீ அனுப்பிய களிம்பு இன்னும் பாதி இருக்கிறது, வேறு வாங்கி அனுப்பாதே.

போன மாதம் இங்கே தேர்தல் நடந்தது. வழக்கம்போல நம் பள்ளிதான் வாக்குச்சாவடி, வழக்கம்போல ஆசிரியர்கள்தான் குழு, வழக்கம்போல நான்தான் தலைவர். இத்தோடு இருபத்தொரு வருஷம். நான் சின்னவனாக இருந்தபோது, பழைய நாடு இருந்த காலத்தில், தேர்தல் என்றால் பண்டிகை. கூடத்தில் பாட்டுப் போடுவார்கள், மற்ற நாளில் கண்ணில் படாத ஆரஞ்சுப் பழமும் கொழுப்பு சேர்த்த சாஸேஜும் அன்றைக்கு மலிவு விலையில் கிடைக்கும், உன் தாத்தா விடியற்காலையிலேயே முகம் மழித்து, கோட்டில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். முடிவு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நாடு மாறிப்போன பிறகு எனக்கு அந்த நாற்காலி வந்தது, பழக்கம் மட்டும் அப்படியே வந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார்கள், நாங்கள் அதை எழுதுவோம். கரும்பலகையில் எழுதுவது கணக்கு, அந்தத் தாளில் எழுதுவது சடங்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தேன். அதைத் தப்பு என்றுகூட நினைக்கவில்லை மகளே. சமாதானம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, எப்படி இருந்தோம் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்பு நீ பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் சாவடிக்குள் வந்து நின்றபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். குளியலறைக் கதவை யாரோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது. பார்வையாளராக வருகிற மற்ற பிள்ளைகளை எங்கே உட்கார வைப்போமோ அங்கேதான் உன்னையும் உட்கார வைத்தேன், உடற்பயிற்சிக் கூடத்துக் கோடியில், பெட்டி கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நீ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாய். காலையிலிருந்து வருகிறவர்களை எல்லாம் ஐந்தைந்து கோடாகப் போட்டு எண்ணினாய், அப்படி எண்ண உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். நானூற்றுப் பதினெட்டு பேர் வந்ததாக நீ சொன்னாய். ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று என்று நான் வாசித்தேன். நீ எழுந்து நின்று, "அப்பா, இன்னொரு தடவை எண்ணுங்க" என்றாய். அத்தனை ஆசிரியர்களுக்கு முன்னால், தலைவரே என்று கூடக் கூப்பிடாமல், அப்பா என்று. குழுவின் வேலைக்கு இடையூறு செய்கிறாள் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன், காவலர் உன்னை வெளியே கூட்டிப்போனார். அந்தத் தாள் உன் அலுவலகத்துக்குப் போகும், உன் வேலையைப் பறிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ. மூன்று மாதத்தில் நீ கிளம்பிவிட்டாய். உனக்குக் கணக்கே வராது என்று உன் சித்தப்பா விருந்தில் எல்லாரும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னபோது நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தடவை நடந்ததைக் கேள். ழானெல் என்று ஒரு பெண் பார்வையாளராக வந்தாள், கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாளாம், பெரிய கண்ணாடி, மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிற சளி. கோடியில் உட்காரச் சொன்னேன், "அங்கேருந்து பெட்டி தெரியாதே" என்றாள், வம்புக்கு நிற்கிற குரலில் சொல்லவில்லை, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள். இந்தப் பிள்ளைகளிடம் எனக்குப் புரியாத விஷயமே இதுதான். எங்கள் காலத்தில் துணிச்சல்காரன் என்றால் மேஜையைத் தட்டுவான், பிறகு காணாமல் போவான். இவர்கள் தட்டுவதுமில்லை கத்துவதுமில்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொன்னால் அது அவர்களுக்கு ஒரு பதிலாகவே படுவதில்லை, பேசாமல் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். போகட்டும் என்று முன்னால் உட்கார விட்டேன். மதியத்துக்கு மேல் தேநீர் குடிக்க ஆசிரியர் அறைக்குப் போனேன். அங்கே எப்போதும் நடக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது, வராதவர்கள் பெயருக்கு எதிரே நம் ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ருஷ்ய மொழி நடத்துகிற நினா ஸ்தெபானவ்னா, உனக்கு நினைவிருக்கும், எல்லாம் ஒரே மையில் இருக்கக் கூடாது என்று ஓவிய வகுப்பிலிருந்து நாலைந்து பேனா எடுத்து வந்து மாற்றி மாற்றிப் போடுவாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நம் தெரு, நம் கட்டடம், நம் வீட்டு எண். என் பெயர், அம்மா பெயர், எர்கின் பெயர், அதற்குக் கீழே உன் பெயர். நீ போய் நான்கு வருஷம் ஆகியும் பட்டியலில் இருந்து யாரும் உன்னை எடுக்கவில்லை. உன் பெயருக்கு எதிரே ஊதா மையில் ஒரு கையெழுத்து, மை இன்னும் காயவில்லை.

இவள் எப்போது வந்தாள் என்று கேட்டேன். நினா நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பெயரைப் பார்த்தாள், முகம் செத்துவிட்டது. "வரிசையா போட்டுக்கிட்டே வந்தேன் ஒராஸ்பெக், உங்க பொண்ணுன்னு கவனிக்கல" என்றாள். பிறகு அவளே, "போன தடவை என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீங்க அவர் பேருக்குப் போட்டீங்க, நான் ஏதாவது கேட்டேனா" என்றாள். கேட்கவில்லைதான். நான் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டிருப்பேன், எத்தனை அப்பன்மார் எட்டிப் பார்க்காமல் போயிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன். வேறு பெரிய வீரமெல்லாம் எனக்கு வரவில்லை ஐசுலு. உன்னை எண்ணக் கூடாது என்று வெளியே அனுப்பிய அதே இடத்தில் உன்னையே ஒரு பொய்யாக எண்ணப் போகிறோம் என்பதுதான் தாங்க முடியவில்லை. தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து உன் பெயரில் தொடங்கி அவர்கள் போட்டதையெல்லாம் அடித்தேன். மிச்சமிருந்த வாக்குச் சீட்டுகளைக் கட்டிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். உடற்பயிற்சி ஆசிரியர், "வயசாச்சு, ரத்த அழுத்தம் பாருங்க" என்றார்.

பெட்டியைத் திறந்து எண்ணினோம், நானூற்று எண்பத்தொன்பது. ழானெலின் நோட்டில் நானூற்று எண்பத்தேழு. இரண்டு உதைக்கிறதே என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்து, "பவுர்சாக் வாங்கித் திங்கப் போனேன், அப்ப ரெண்டு பேர் வந்திருப்பாங்க" என்றாள். வருஷக்கணக்கில் அந்தக் கூடத்தில் நான் சிரித்ததே இல்லை, அன்று சிரித்தேன். முடிவுத் தாளின் நகலில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்தேன்.

மறுநாள் மாவட்ட அலுவலகம் வெளியிட்ட கணக்கில் நம் சாவடிக்கு ஆயிரத்து இருநூற்று நான்கு என்றிருந்தது. ழானெல் தன்னிடமிருந்த நகலைப் படம் பிடித்து எல்லாரும் பார்க்கப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மிராஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். உனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தானே, கணக்கில் எப்போதும் முதல், அந்த மிராஸ்தான், இப்போது அங்கே பெரிய பொறுப்பு. வெளிநாட்டில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவன். எழுந்து நின்று வரவேற்றான், தேநீரைத் தன் கையால் ஊற்றினான், இப்போதும் வகுப்பில் கூப்பிட்ட மாதிரியே அகாய் என்றுதான் கூப்பிடுகிறான். அச்சடித்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினான். அந்த நகலை நான் கொடுக்கவில்லை, அந்தப் பெண் முத்திரையைத் திருடிக் குத்திக்கொண்டாள் என்று இருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது அகாய். அந்தப் பொண்ணுக்கும் பெருசா ஒண்ணும் ஆகாது, காலேஜ்லேருந்து நீக்கிடுவாங்க, அவ்வளவுதான்" என்றான். போடாவிட்டால் என்று கேட்டேன். "எர்கின் நம்ம மின்வாரியத்துலதானே இருக்கான்" என்றான். எங்கள் தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் தானாக நேராகிவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். நாங்களும் பொய் சொன்னவர்கள்தான், ஆனால் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். இவனுக்கு இறங்கவில்லை. ழானெலுக்கும் இவனுக்கும் எட்டு ஒன்பது வயதுதான் வித்தியாசம், இரண்டு பேரும் இதே மண்ணில் பிறந்து இதே தண்ணீர் குடித்தவர்கள். அதனால் வயதை நம்பி உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டில் சொன்னேன். எர்கின் கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு, "அக்கா பறந்து போயிட்டா, நீங்க நாளைக்கு ரிட்டயர் ஆயிடுவீங்க. நான்தான் இங்க இருக்கேன், இன்னும் ரெண்டு மாசத்துல ஒரு குழந்தை வருது" என்றான். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் என்னைக் குடைகிறது. அம்மாவிடம் கேட்டேன், "எனக்கு உங்க கணக்கெல்லாம் தெரியாது. அந்தப் பொண்ணுக்கும் ஒரு அம்மா இருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

திங்கட்கிழமை மிராஸிடம் போக வேண்டும். அவனுடைய தாளில் கையெழுத்துப் போடப் போவதில்லை. என்னுடைய தாளை நானே எழுதி வைத்திருக்கிறேன். அந்த நகலைக் கொடுத்தது நான், கையெழுத்து என்னுடையது, எண் சரியானது என்று ஒரு வரிதான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தும் பேனாவை வைக்க முடியவில்லை. யாரும் கேட்காத இரண்டாவது வரியையும் எழுதினேன். நான்கு வருஷத்துக்கு முன்பு இதே சாவடியில் நான் வாசித்த எண் பொய், அன்றைக்கு ஒரே ஒருத்திதான் சரியாக எண்ணினாள், நானூற்றுப் பதினெட்டு, அவளை நான் வெளியே அனுப்பினேன், அவள் பெயர் ஐசுலு, என் மகள்.

எர்கினுக்கு நீயாகவே ஒரு தடவை போன் செய். என் பேச்சை எடுக்காதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே, குழந்தைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேள். அந்தத் தயிர் உருண்டையை ஈரம் படாமல் வை. இரண்டு கையையும் ஏந்தி உனக்காக வேண்டிக்கொள்கிறேன் மகளே, நீ போகிற வழியெல்லாம் உனக்குத் திறந்திருக்கட்டும், உன் தட்டு நிறைந்திருக்கட்டும், உன் வாய்ச்சொல்லை நம்புகிற மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். என்னை மன்னிக்க அவசரப்படாதே. படித்ததும் ஒரு வார்த்தை எழுது.

உன் அப்பா,
ஒராஸ்பெக்