எச்சில் பாட்டில்

என்னங்க, வணக்கம். நீங்களும் உங்கள் தொப்பையும் சுகமா? நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன்.

நான் பெருக்கித் துடைக்கும் குத்துச்சண்டைக் கூடத்தில் நேற்று போட்டிக்காகப் பிள்ளைகளுக்கு எடை பார்த்தார்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு பாட்டில் கிடந்தது. மிச்ச ஜூஸ் என்று நினைத்துத் திறந்து முகர்ந்துவிட்டேன். அத்தனையும் எச்சில்! எடை குறைக்கக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் துப்பினார்களாம். மூக்கைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பயிற்சி கொடுக்கும் மாஸ்டரோ ஒரு பெண்ணிடம், "இன்னும் நூறு கிராம்தான், துப்பும்மா" என்கிறார். நம் மகள் வயதுதான் அவளுக்கு. துப்ப வாயில் ஈரமில்லாமல் அப்படியே சரிந்துவிட்டாள். "இது பிள்ளையா, புழிஞ்சு காயப்போடுற துணியாய்யா?" என்று கேட்டு, பாட்டிலை அவர் கையிலேயே திணித்தேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு அவள் என் டப்பாச் சோற்றை வழித்துத் தின்றாள்.

நம் ஓட்டக்காரி மகளும் இளைக்க வேண்டுமென்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். ஓடுகிற பிள்ளைக்குத்தான் சோறும் பருப்பும் முட்டையும் கூடுதலாக வேண்டும். எடை அதிகமா என்பதை டாக்டர் சொல்லட்டும். அந்த எடை மெஷினைப் பரணில் போடுங்கள். வேண்டுமானால் நீங்கள் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சாப்பிட உட்காரும்போது எனக்குப் போன் போடச் சொல்லுங்கள். நானும் தட்டோடு உட்காருகிறேன். தனியாகத் தின்றால் எனக்கும் பாதிச் சோறு டப்பாவிலேயே மிஞ்சுகிறது.

மாஸ்டர் கூப்பிடுகிறார், வாளியோடு ஓடுகிறேன்.

உங்கள் பெண்டாட்டி