நாலு மணி ஜன்னல்கள்

அன்புள்ள குடைக்காரிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். கிழி. ஆனால் இந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டுக் கிழி. விசாரணைக் குழு உன் மேல் சுமத்திய குற்றத்தை முழுவதுமாக விலக்கிக்கொண்டுவிட்டது. நீ ஒரு படிவத்தைக்கூடப் பொய்யாக நிரப்பவில்லை என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். உன் முனைவர் பட்டப் பதிவு பழையபடி இருக்கிறது. தப்பு என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையது. அப்பாடா, எழுதிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கினேன். உன் போனில் என் நம்பர் போகவில்லை, போகாததும் நியாயம்தான். அம்மா இன்னும் நீ லீவில் அக்கா வீட்டுக்குப் போயிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். "ஏம்மா, அவளுக்கு அங்க உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா? போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்குறா" என்று கேட்டார். நான், வேலை அதிகம் அம்மா என்று சொல்லி வைத்தேன். இரண்டு மாதமாக நீ அவரிடம் எதையும் சொல்லாமல் தனியாகச் சுமந்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

நம் அறையில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் கட்டிலின் மேல் என் துணிமூட்டையைப் போட்டு வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். கெட்டிலின் மூடியை மட்டும் உடைத்துவிட்டேன். அதற்கும் தனியாகத் திட்டிக்கொள்.

அந்த விசாரணை நாளைப் பற்றி எழுதாமல் மேலே போனால் நான் மனுஷியே இல்லை. நீ அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் அறுபத்து நாலு வீடும் ஏறி இறங்கி, சமையலறை ஜன்னலை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டு எழுதி வந்தாய். அறுபத்தொரு வீட்டில் சாயங்காலம் நாலு மணி என்று பதில். அதே ஜன்னல்களில் நம்ம திருப்புளி, அதுதான் சட்டைப்பையில் திருப்புளி இல்லாமல் கல்யாணத்துக்குக்கூட வராத அந்தப் பொறியியல்காரன், தீப்பெட்டி அளவில் கருவிகளை ஒட்டியிருந்தான். அவையோ பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் திறக்கிறது என்றன. உன் படிவத்தையும் கருவிகளின் பதிவையும் ஒப்பிடும் நிரலை எழுதியவள் நான். ஓட்டினேன், திரை முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்பை அச்செடுத்து நம் வழிகாட்டி மேடம் மேஜையில் கொண்டுபோய் வைத்தவளும் நான்தான். உன்னிடம் வந்து, என்னடி இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து வருஷமாக ஒரே அறை, எதிரெதிர்க் கட்டில். கேட்கவில்லை.

குழுவில் அந்தத் தாடிக்காரர், "அறுபத்தொரு பேர் சொல்லிவச்ச மாதிரி ஒரே பதில் சொல்வாங்களாம்மா? வீட்டுல உட்கார்ந்து நிரப்பின மாதிரி இல்ல இருக்கு?" என்று கேட்டார். நீ நிதானமாகத்தான் சொன்னாய். கீழ்த்தளத்தில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் சலவைக்கூடம் இருக்கிறது, நாலு மணி வரைக்கும் ஆவி மேலே வரும், அதுவரை அந்தப் பக்கத்து ஜன்னலை யாரும் தொட மாட்டார்கள் என்றாய். அந்தக் கட்டடம் நம் துறையிலிருந்து பத்து நிமிட நடை. வீடுகளில் காற்றோட்டம் பற்றி ஆராய்ச்சி செய்யும் நாலு துறைப் புலிகள் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஒரு புலியாவது எழுந்து போய்ப் பார்த்ததா? பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க கூடவே இருக்கிறவங்க, இவங்க அப்படிச் செய்யக்கூடியவங்களா?" என்று கேட்டார். நான், "கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்" என்றேன். பெரிய மேதாவி! நீ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனாய். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

சரி, நடந்ததைக் கேள். போன மாதம் இருபதாம் தேதி, கருவிகளைக் கழற்றி வர நானும் திருப்புளியும் போனோம். லிஃப்ட் வழக்கம்போலப் படுத்துவிட்டது. மூச்சு வாங்க ஆறாவது மாடி ஏறி, அந்தத் தையல்காரம்மா வீட்டுக்குள் நுழையும்போது மணி மூன்றரை. சமையலறையில் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு புழுக்கம். கருவியைக் கழற்றுமுன் கொஞ்சம் காற்று வரட்டும் என்று ஜன்னலில் கை வைத்தேன். அந்த அம்மா தையல் மெஷினை விட்டுப் பாய்ந்து வந்தார். "ஏய், ஏய், தொடாதே! ஆவி உள்ள வந்தா தச்சு வச்சதெல்லாம் நனைஞ்சு போயிடும். நாலு ஆகட்டும்!" கையை எடுத்துவிட்டேன். அவர் விடவில்லை. "குடை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வருமே, அதுகிட்ட எல்லாம் விவரமா சொன்னேனே. எழுதிக்கிச்சே. நீங்க படிக்க மாட்டீங்களா?" என்றார்.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழே ஏதோ பெரிய இரைச்சல் நின்றது. அதுவரை அப்படி ஒரு இரைச்சல் இருந்ததே எனக்கு உறைக்கவில்லை. தையல்காரம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு சட்டைக்குப் பொத்தான் தைத்தார். நாலடித்ததும் எழுந்து வந்து ஜன்னலைத் தள்ளினார். அவர் தள்ளியதும் பக்கத்து வீட்டில் டப். மேலே டப், டப். கீழே ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது மாடி என்று டப் டப்பென்று ஒரே சத்தம். தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். எல்லா ஜன்னலிலும் கை தெரிந்தது. ஒரு வீட்டில் ஒரு குழந்தையின் கை.

ஓடிவந்து மடிக்கணினியைத் திறந்தேன். ஒவ்வொரு ஜன்னலாக, திறந்தது திறந்தது என்று வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பதினொரு மணி. என் கைக்கடிகாரத்தில் நாலு.

புரிந்துவிட்டதா? நீ என்னைவிடக் கெட்டிக்காரி, புரிந்திருக்கும். கருவிகள் தொழிற்சாலையில் யாரோ வைத்த நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து மணி நேரம் பின்னால். ஒட்டுவது திருப்புளி வேலை, ஒவ்வொன்றுக்கும் நம் ஊர் நேரத்தை வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. அன்று சாயங்காலமே கோப்பைத் தேடி எடுத்தேன். "நேரம் சரிபார்க்கப்பட்டது" என்ற தலைப்பின் கீழ் அறுபத்து நாலு டிக். எல்லாம் ஒரே மூச்சில், மேஜையில் உட்கார்ந்தபடி நான் போட்டது. கடைசி இருபது டிக் கை அலுத்துப்போய்ச் சாய்ந்தே விட்டது. வீட்டுக்குப் போகாமலே தாளை நிரப்பினாய் என்று உன்னைச் சொன்னேனே, குடைக்காரி. அதைச் செய்தது நான்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு, இதற்காவது நீ சிரிக்க வேண்டும். அடுப்புச் சூட்டை வைத்து, அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் விடிகாலை இரண்டு மணிக்குச் சமைக்கிறார்கள் என்று கருவி சொன்னதே, நினைவிருக்கிறதா? ஏழு மணிக்கு அவரவர் பாட்டுக்குச் சமைத்திருக்கிறார்கள். அதற்கு நான் இரவுப்பணி, உறக்கப் பழக்கம், மாறிவரும் குடும்ப அமைப்பு என்று நாலு பக்கம் விளக்கம் எழுதி, கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டலும் வாங்கினேன். கைதட்டியவர்களை நினைத்தால் இப்போது பாவமாக இருக்கிறது.

திருப்புளி நல்லவன், ஆனால் பயந்தாங்கொள்ளி. படியிறங்கும்போது, "கருவியில கோளாறுன்னு எழுதிடலாம். அவளும் தப்பிச்சிடுவா, உனக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது இனிக்கத்தான் செய்தது. அப்படியே ஒரு கடிதமும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, உன்மேல் பழி போட்ட அதே நடை. கருவி மேல் போட்டால் அது வாய் திறக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அழித்துவிட்டு, டிக் போட்ட தாளையே எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். "நான் முப்பது வருஷமா வீடு கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பொண்ணு சலவைக்கூடம்னு சொன்னப்ப நானே எழுந்து போயிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். மறுநாளே குழுவைக் கூட்டிவிட்டார். எனக்குப் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகிறது, எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும், கருத்தரங்குக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். போகட்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். எழுந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

குழு கேட்காமலே இன்னொன்றும் செய்தேன். போன வாரம் முழுக்க அந்தக் கட்டடத்தில் ஏறி இறங்கி, உன் கேள்வியை நானே அறுபத்து நாலு வீட்டிலும் கேட்டேன். உன் கால் என்ன கால்! எனக்கு மூன்றாம் நாளே முழங்கால் கழன்றுவிட்டது. அறுபத்தொரு வீட்டில் நாலு மணி. மீதி மூன்றில் ஒன்றுக்குக் கீல் உடைந்திருக்கிறது, ஒன்றைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டது, ஒன்றில் அப்போது கைக்குழந்தைக்குச் சளி. நீ எழுதியிருந்தது எழுத்துக்கு எழுத்து சரி. சளி மட்டும் இப்போது குணமாகிவிட்டதாம், சொல்லச் சொன்னார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் உன்னைத்தான் விசாரித்தார்கள். நான், அவள் வருவாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எந்த உரிமையில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பதிவைத் தொடரப் பதினைந்தாம் தேதிக்குள் நீ வந்து கையெழுத்துப் போட வேண்டும், மறந்துவிடாதே. முதலில் அம்மாவுக்குப் போன் பண்ணு. என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே, அறையில் இருக்காதே என்றால் வேறு அறைக்குப் போய்விடுகிறேன், திருப்புளியிடம் சாவியைக் கொடுத்து வைக்கிறேன். வா, அது போதும். அன்றைக்கு அந்தத் தாடிக்காரர் கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரே வார்த்தைதான். "மாட்டாள்." இரண்டு மாதம் தாமதமாக இங்கே எழுதுகிறேன்.

நீயும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் எதிர்க் கட்டில்காரி

பி.கு. நான் வீடு வீடாகப் போன தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டிக்கும் அந்தந்த வீட்டு வாசலில் நின்று போட்டது. கடைசியில் அறுபத்தைந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பார். "குடைக்காரி திரும்பி வந்தாள்." பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. இப்போதெல்லாம் நான் கண்ணால் பார்க்காமல் டிக் போடுவதில்லை.